பெங்கா யா! – ஸ்பெயினில் ஒன்பது நாள்

முதல் நாள், வெள்ளி. மாத்ரித்

இரண்டு வருடம் ஆன்லைனில் ஸ்பானிஷ் படித்தேன். "நூலகம் எங்கே இருக்கிறது?" என்று பிழையில்லாமல் கேட்பேன். இறங்கிய முதல் நாளே தெரிந்துவிட்டது, இங்கே யாரும் நூலகத்தைத் தேடுவதில்லை.

லாபாபியெஸ் என்ற பழைய பேட்டையில், மூன்றாவது மாடியில், ஒரு அம்மாவின் வீட்டில் அறை எடுத்திருக்கிறேன். லிஃப்ட் கிடையாது. தையல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பெட்டியை வைத்ததும், விமான நிலையத்தில் ஒரு காபிக்கும் காய்ந்த ரொட்டிக்கும் ஒன்பது யூரோ கொடுத்தேன் என்று சொன்னேன். கையில் இருந்த துடைப்பத்தை அப்படியே நிறுத்திவிட்டு ஒரு சத்தம் போட்டார்.

"பெங்கா யா!"

என் காதில் அது "வெங்காயம்" என்றுதான் விழுந்தது. சத்தியமாக. நம் ஊரில் பெரியார் மேடையில் எதையாவது ஒதுக்கித் தள்ள "வெங்காயம்" என்பார் இல்லையா, அதே தொனி, அதே கை வீச்சு. எழுத்தில் 'வெங்கா யா'தான். வி என்று எழுதுவார்கள், பி என்று சொல்வார்கள். நேர்ப்பொருள் "வாங்க இப்பவே". நிஜப்பொருள் "அட போங்க, கதை விடாதீங்க".

இதை மெத்தையில் படுத்துக்கொண்டு யோசித்தேன். நாம் ஒருவர் பேச்சை நம்பவில்லை என்றால் "அட போப்பா" என்று அனுப்பி வைக்கிறோம். இவர்கள் "வா" என்று கூப்பிட்டுத் தள்ளுகிறார்கள். அதிலும் ஒரு விசேஷம். பெங்கா என்பது 'நீங்கள்' போட்டுப் பேசும் மரியாதை வடிவம். ஆனால் நண்பனிடமும் பெங்காதான், கடைக்காரரிடமும் பெங்காதான், நாய்க்குட்டியிடமும் பெங்காதான். மரியாதை உள்ளேயே உறைந்துபோய் யாருக்கும் தெரியாமல் கிடக்கிறது. போனை வைக்கும்போதும் "பெங்கா, பெங்கா, பெங்கா" என்று நாலு தடவை சொல்லித்தான் வைக்கிறார்கள். அங்கே அதற்கு அர்த்தம் 'சரி சரி வச்சிடறேன்'. கடைசியில் அந்த 'யா' ஒட்டிக்கொண்டால்தான் வெங்காயம்.

இரண்டாம் நாள், சனி

காலையில் போர்ரா தின்றேன். சுரோ தெரியுமல்லவா, அதன் பெரிய அண்ணன். முறுக்கு மாவைக் கையளவு தடிமனுக்குப் பிழிந்து பொரித்த மாதிரி இருக்கும், உள்ளே காற்று. கெட்டி சாக்லேட்டில் முக்கித் தின்ன வேண்டும். இரண்டு தின்றால் மதியச் சாப்பாடு வேண்டாம்.

போர்ராவுக்கு இன்னும் பொருள் உண்டு: தடி, போலீஸ்காரர் லத்தி. "பேத்தே ஆ லா போர்ரா" என்றால் "தடிக்குப் போ", அதாவது தொலைந்து போ. படைமுகாமில் முரசுக்குழுத் தலைவரின் பெரிய தடியை மண்ணில் ஊன்றி வைப்பார்களாம், தண்டனை பெற்ற சிப்பாய் அங்கே போய் நிற்க வேண்டுமாம். இந்தக் கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். கதை நன்றாக இருப்பதாலேயே எனக்கு லேசாகச் சந்தேகம்.

பிறகு நாடாளுமன்றக் கட்டடத்தைப் பார்க்கப் போனேன். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள். 1860இல் முடிந்த மொரோக்கோ போரில் பிடித்த பீரங்கிகளை உருக்கி வார்த்தவை. எல்லோரும் சிங்கத்தோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நான் போனது வேறு காரணத்துக்கு. 2003இல் இந்த அவைக்குள் ஹொசே அந்தோனியோ லாபோர்தேத்தா என்ற உறுப்பினர், எதிர் வரிசைக்காரர்கள் பேசவிடாமல் கூச்சல் போட்டபோது, மைக்கில் "ஆ லா மியெர்தா!" என்றார். கௌரவமாக மொழிபெயர்த்தால் "சாக்கடைக்குப் போங்கய்யா". கௌரவமில்லாத மொழிபெயர்ப்பை நீங்களே செய்துகொள்ளுங்கள். அவர் அடிதடி ஆள் இல்லை. பாட்டு எழுதிப் பாடியவர், அரகோன் பகுதிக்காரர், முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்து டிவி தொடர் செய்தவர். அந்த ஒரு வாக்கியத்துக்காக நாடு அவரைக் கோபித்துக்கொண்டதா என்றால் இல்லை. 2010இல் அவர் இறந்ததும் சரகோசா நகரத்தின் பெரிய பூங்காவுக்கு அவர் பெயரையே சேர்த்துவிட்டார்கள்.

வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். "அவர் சொன்னார். நாங்கள் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம்" என்றார்.

மூன்றாம் நாள், ஞாயிறு

இன்று எல் ராஸ்த்ரோ. ஞாயிறும் விடுமுறை நாளும் மட்டும் கூடும் பழைய பொருள் சந்தை. பிரதான தெருவின் பெயருக்கே 'தோல் பதனிடுபவர் கரை' என்று பொருள். மேலே ஆடுமாடு அறுத்து, தோலைக் கீழே இழுத்துக்கொண்டு வருவார்களாம். அந்த இழுவைத் தடம்தான் ராஸ்த்ரோ. இப்போது இரத்தத்துக்குப் பதிலாக பனியன், பித்தளைச் சாமான், யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பம்.

ஒரு பூட்டுக் கடை முன்னால் நின்றேன். துருப்பிடித்த இரும்புப் பூட்டுகள், சாவி உள்ளவை ஒரு பக்கம், இல்லாதவை ஒரு பக்கம். தொப்பி போட்ட ஒரு பெரியவர் சாவி இல்லாத பூட்டு ஒன்றைக் கையில் எடுத்தார். கடைக்காரர் போனில் இருந்து தலையைத் தூக்காமலே "இருபத்தஞ்சு" என்றார். பெரியவர் பூட்டைக் கீழே வைக்கவில்லை. மேலே வானத்தைப் பார்த்து, உதட்டை ஒரு பக்கமாக இழுத்து, "ஆமோஸ் அந்தா" என்றார். 'பாமோஸ்' என்றால் 'போகலாம்'. மாத்ரித் பழைய பேட்டைக்காரர்கள் முதல் எழுத்தை விழுங்கிவிடுவார்கள். 'அந்தா' என்றால் 'நட'. 'போகலாம் நட', அதுதான் அவருடைய பதில்.

கடைக்காரர் தலையைத் தூக்கினார். "எவ்வளவு தருவீங்க?"

"அஞ்சு. சாவியும் வேணும்."

"இ உன் ஹமோன்!"

'கூடவே ஒரு பன்றித்தொடையுமா?' என்று அர்த்தம். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஆசை தோசை அப்பளம் வடை" என்று என் அத்தை சொல்லும் அதே இடம், அதே இழுப்பு. கேட்டது அதிகம் என்றால் அதற்கு மேல் ஒரு பலகாரத்தையும் சேர்த்துச் சொல்லி மறுப்பது. நமக்கு வடை, இவர்களுக்குப் பன்றித்தொடை.

கடைசியில் பூட்டு பன்னிரண்டுக்கு முடிந்தது. சாவி இல்லை. சாவியில்லாத பூட்டை வைத்து அவர் என்ன செய்வார் என்று கேட்கலாமா என்று பார்த்தேன். கேட்டால் எனக்கும் ஏதாவது கிடைக்கும் என்று தோன்றியது. விட்டுவிட்டேன்.

நான்காம் நாள், திங்கள்

மழை. கால் வலி. தெருமுனை பாரில் பொழுது போனது.

பரிமாறுகிற பையன் அர்ஜென்டினாக்காரன். 'அந்தா' என்று ஸ்பெயின்காரர்கள் முன்னெழுத்தை அழுத்துவதை அவர்கள் பின்னால் தள்ளி அழுத்துகிறார்கள். 2022 டிசம்பரில் கத்தாரில் நெதர்லாந்துடன் கால் இறுதி முடிந்த கையோடு, பேட்டி கொடுத்துக்கொண்டிருந்த மெஸ்ஸி பக்கத்தில் நின்ற எதிரணி ஆட்டக்காரரைப் பார்த்து "என்ன பார்க்கிறே, மடையா? அந்தப் பக்கம் போ" என்று சொன்னாரே, அதில் வரும் 'போ' இந்தப் பின்னழுத்த 'அந்தா'தான். பையன் அதை எனக்கு நடித்தே காட்டினான், தாடையைத் தூக்கிக்கொண்டு. மெஸ்ஸி சொல்லும்வரை 'போபோ', அதாவது அந்த 'மடையா', குழந்தைகள் திட்டும் சொல் மாதிரி இருந்தது, அப்புறம் அது பனியனில் அச்சாகிவிட்டது என்றான்.

"உங்க ஸ்பானிஷ் நல்லா இருக்கு" என்றும் சொன்னான். நான் யோசிக்காமல் "கே பா!" என்றேன். 'அதெல்லாம் ஒண்ணுமில்லை' என்று பாராட்டை ஒதுக்கும் சொல். எழுத்துக்கு எழுத்து 'என்ன போகிறது' என்று வரும், பொருள் தேட வேண்டாம். நம் 'அட நீங்க வேற' மாதிரி. இந்த ஊருக்கு வந்து சரியான இடத்தில், சரியான நேரத்தில், தானாக வாயில் வந்த முதல் சொல். அதற்காகவே இன்னொரு காபி குடித்தேன்.

ராத்திரி வீட்டுக்கார அம்மா தனக்கு எண்பத்திரண்டு வயது என்றார். நான் "அந்தா யா!" என்றேன், 'அட போ, நம்ப மாட்டேன்' என்ற பொருளில். சந்தோஷப்பட்டார், ஆனால் விரலை ஆட்டினார். "எனக்கு 'நீ' போதும். தெரியாத பெரியவர்களிடம் போய் அப்படிச் சொல்லாதே. அங்கே 'அந்தே யா'." நட, நடங்க. பெங்காவுக்கு இல்லாத 'நீ', 'நீங்கள்' சிக்கல் அந்தாவுக்கு உண்டு.

அதோடு நிற்காமல், பாத்திரம் கழுவித் தருகிறேன் என்று நான் வம்பு பண்ணினேன். மூன்று தடவை வேண்டாம் என்றார். நான்காவது தடவை கேட்டதும் கையில் இருந்த துணியால் என் முழங்கையில் ஒரு தட்டு.

"பேத்தே ஆ ஃப்ரெயிர் எஸ்பாரகோஸ்!"

போய் அஸ்பாரகஸ் வறு போ.

ஐந்தாம் நாள், செவ்வாய். அரான்ஹுவெஸ்

போனேன்.

அரான்ஹுவெஸ் மாத்ரித்துக்குத் தெற்கே, அதோச்சா நிலையத்திலிருந்து புறநகர் ரயிலில் முக்கால் மணி நேரம். 1851இல் போட்ட தடம். ராஜாக்களின் வசந்த கால அரண்மனை இருக்கிறது, தாஹோ ஆறு அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. அரண்மனை அழகுதான். நானோ சந்தைக்கு வந்தவன். இந்த ஆற்றங்கரை மண் இரண்டுக்குப் பேர் போனது: ஸ்ட்ராபெர்ரி, அஸ்பாரகஸ். வசந்தத்தில் வந்தால் இரண்டும் கிடைக்கும்.

ஏன் அஸ்பாரகஸ்? ஏன் வறுக்க வேண்டும்? ஒரு விளக்கம்: அதை வழக்கமாக வேகவைப்பார்கள். வறுக்கச் சொன்னால் முதலில் வேகவைத்து, நீர் வடித்து, அப்புறம் வறுக்க வேண்டும். ஆள் ரொம்ப நேரம் நம் கண்ணில் படமாட்டான். ஆனால் ரோமானியச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் எதையாவது சட்டென்று முடிக்கச் சொல்ல "அஸ்பாரகஸ் வேகும் நேரத்துக்குள்" என்பாராம். சுவெடோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு அது வேகத்துக்கு உவமை, இவர்களுக்குத் தாமதத்துக்கு. எது சரி என்று பார்த்துவிடுவோம் என்று ஒரு கட்டு வாங்கினேன். கட்டைவிரல் தடிமன், பச்சை, நுனியில் லேசான ஊதா. நம் தண்ணீர்விட்டான் கொடியின் சொந்தக்காரன்தான், ஆனால் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். நம்முடையது வேருக்காக, இது குருத்துக்காக.

சாயங்காலம் மூன்று மாடி ஏறி, சமையலறை வாசலில் நின்று, கட்டை நீட்டினேன். "நீங்கள் போகச் சொன்னீர்கள். போய்விட்டு வந்தேன்."

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் எழுந்து இரும்புச் சட்டியை எடுத்தார்.

அடித்தண்டைக் கையால் வளைத்தார். எங்கே தானாக ஒடிகிறதோ அங்கே முற்றல் முடிகிறது, கத்தி வேண்டாம். முருங்கைக்காய் நாரைப் பார்ப்பது போலத்தான். வேகவைக்கவும் இல்லை. சட்டியில் ஆலிவ் எண்ணெய், தட்டிய பூண்டு இரண்டு பல், அது சிவக்க ஆரம்பித்ததும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, குருத்துகளை ஒரே வரிசையாக அடுக்கினார். தொடவில்லை. ஒரு பக்கம் பழுப்புப் புள்ளி விழுந்ததும் ஒவ்வொன்றாக உருட்டினார். கடைசியில் கல்லுப்பு. போனில் நேரம் பார்த்தேன். ஒன்பது நிமிடம். அகஸ்டஸ் பக்கம் நியாயம் இருக்கிறது.

அன்று பாத்திரம் நான்தான் கழுவினேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாம் நாள், புதன். கிரனாடா

ரயிலில் தூங்கிவிட்டேன். அல்ஹாம்ப்ரா பற்றி இணையத்தில் ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள், நானும் வியந்தேன், அவ்வளவுதான்.

இந்த ஊர்க்காரர்களுக்கு 'மாலா ஃபோயா' என்று ஒரு குணம் உண்டு என்று நாடு முழுக்கச் சொல்வார்கள். கெட்டவர்கள் இல்லை, முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதும் பையன் சரியாக ஊதவில்லை என்றால் 'மோசமான ஊதல்' என்பார்களாம், அதிலிருந்து வந்தது என்கிறார்கள். சொல்லுக்கு இன்னொரு கொச்சைப் பொருளும் இருப்பதால் வெளியூர்க்காரர்கள் நெளிவார்கள்.

பாரில் ஒரு கிளாஸ் வாங்கினால் ஒரு சின்னத் தட்டு சாப்பாடு இலவசம், இந்த ஊர்ப் பழக்கம். எனக்கு வந்த தட்டில் இறைச்சி. "இறைச்சி இல்லாமல் ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டேன். பரிமாறுகிறவர் தட்டை எடுத்தார், உள்ளே போனார், திரும்பி வந்து வைத்தார். அதே தட்டு, இறைச்சியை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு. ஒரு சொல் இல்லை. தோளை மட்டும் அரை அங்குலம் தூக்கினார். இதுவரை நான் நோட்டில் எழுதிய அத்தனை சொல்லும் அந்தத் தோளில் இருந்தது.

ஏழு, எட்டாம் நாள். செவியா

தெரு முழுக்க ஆரஞ்சு மரம். பறித்து வாயில் வைத்தீர்களோ, போச்சு. கசப்பு நாரத்தை. அரபியர் கொண்டுவந்து நட்ட வகை. இனிப்பு ஆரஞ்சு பல நூற்றாண்டு கழித்துத்தான் வந்தது, அதற்கு 'சீன ஆரஞ்சு' என்று பெயர். அந்தப் பெயரையே யாரோ ஒருவர் முகத்தில் எறிந்திருக்கிறார். "நாரான்ஹாஸ் தே லா ச்சீனா!" என்றால் 'நடக்கவே நடக்காது'. கொஞ்சம் பழைய சொல், தாத்தா பாட்டி சொல் என்கிறார்கள்.

எனக்கு அதில் வேறு ருசி. நாரான்ஹா அரபியின் நாரஞ்சிலிருந்து, அது பாரசீக நாரங்கிலிருந்து, அது வடமொழி நாரங்கத்திலிருந்து. அதற்கும் பின்னால் ஒரு திராவிடச் சொல் இருக்கலாம் என்பது சொல்லாராய்ச்சிக்காரர்கள் பலரின் கணிப்பு. நம் ஊறுகாய் ஜாடியில் கிடக்கும் நாரத்தங்காயின் உறவு. அது பாலைவனமும் கடலும் தாண்டி இங்கே வந்து 'போடா' என்று அர்த்தப்படுகிறது.

மறுநாள் ஆறு தாண்டி த்ரியானா சந்தை. "எனக்கு அக்கறையில்லை" என்று சொல்ல இவர்கள் ஒரு காய்கறிக் கடையையே வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு சீரகம் அளவு முக்கியம், ஒரு முள்ளங்கி அளவு முக்கியம், ஒரு குடைமிளகாய், ஒரு வெள்ளரிக்காய். எல்லாம் ஒன்றுதான். சீரகம் சின்னது, புரிகிறது. வெள்ளரிக்காய் என்ன பாவம் செய்தது? நான் ஒவ்வொரு கடையாகப் போய் படம் எடுத்தேன். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை: ப்ளேதோ. 'எனக்கு ஒரு ப்ளேதோ அளவு முக்கியம்' என்பது நாடு முழுக்க வழங்கும் பேச்சு. காய்கறிக்கார அக்காவிடம் ப்ளேதோ இருக்கிறதா என்றேன். அவர் விழித்தார். தினமும் சொல்கிற சொல், பார்த்ததே இல்லை. பக்கத்துக் கடைக்காரரையும் கேட்டார், அவருக்கும் தெரியவில்லை.

நான் போனில் படம் தேடிக் காட்டினேன். நம் தண்டுக்கீரை, அரைக்கீரைக்குப் பங்காளி. எங்கள் ஊரில் இதைக் கட்டுக்கட்டாக வாங்கிக் கடைந்து தின்போம் என்றேன். "இதையா?" என்றார், கீரைக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டவர் போல. 'கிள்ளுக்கீரையா நினைச்சியா' என்று நாமும்தான் சண்டை போடுகிறோம் என்பதை அவருக்கு விளக்க என் ஸ்பானிஷ் போதவில்லை.

ஒன்பதாம் நாள், சனி. காடிஸ்

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஊர். காற்று தொப்பியைத் தூக்கிவிட்டது.

இங்கே ஆண்கள் ஒருவரை ஒருவர் 'பிஷா' என்று கூப்பிடுகிறார்கள். அர்த்தத்தை எழுதலாம், ஆனால் இதை என் அம்மா படிக்கிறார். 'காராஹோவுக்குப் போ' என்ற வசவுக்கு ஒரு கப்பல் கதையும் உண்டு. காராஹோ என்பது பாய்மர உச்சியிலிருந்த கூண்டு, தண்டனைக்கு அங்கே ஏற்றுவார்கள் என்று. துறைமுக ஊரில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூண்டுக்கு மாலுமிகள் சொல்லும் பெயர் 'கோஃபா'. கேட்டவுடன் கதை பொலபொலவென்று உதிர்ந்தது.

வெயில் சாய்ந்ததும் காம்போ தெல் சூர் என்ற கடலோரச் சுவரில் நடந்தேன். வரிசையாகத் தூண்டில்கள். கோடி ஆள் ஒரு பெரியவர், எண்பது இருக்கும், பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி, வாளியில் கடல் தண்ணீர் மட்டும். வணக்கம் சொன்னேன். இன்றைக்கு ஒன்றும் இல்லை என்றார். நேற்று வந்திருக்க வேண்டும் என்றார். நேற்று ஒரு லுபினா. நம் கொடுவா மாதிரி மீன். தூண்டிலை இடுக்கில் செருகிவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஏறக்குறைய என் இடுப்பு உயரம்.

"அந்தா யா!" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. முன்பின் தெரியாத பெரியவர். முகம் சூடாகிவிட்டது. அவசர அவசரமாக, "மன்னிக்கணும் ஐயா, அந்தே யா" என்று திருத்தினேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன், நான் என்ன பிஷப்பா?" என்றார். கை இன்னும் விரித்தபடியே இருந்தது. அதை ஒரு சாண் அகலமாக்கினார்.